நிறம் பொய்யா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விண்ணில் மிதக்கும் வாயு, தூசி மேகங்களான நெபுலாக்களின் படங்களைப் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த நிறங்கள் பின்னால் கணினியில் கொடுக்கப்பட்டவை என்று சமீபத்தில் தெரிந்ததும் ஏமாந்துபோனதுபோல் ஆகிவிட்டது. இத்தனை கோடி செலவழித்து இந்தப் பொய் எதற்கு? ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, பிரபஞ்சம் பெருவெடிப்பில் தொடங்கியது என்பதையே தவறென்று காட்டிவிட்டது என்கிறார்களே, அது உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெருவெடிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை. எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமான ஆதி விண்மீன் திரள்கள் கிடைத்திருக்கின்றன, அவை அவ்வளவு சீக்கிரம் எப்படி உருவாயின என்பதுதான் கேள்வி. செலவைப் பற்றிப் பேச இன்று எனக்கு மனமில்லை.

நிறத்துக்கு வருவோம். ஆசை ஆசையாகச் சேர்த்த ஒன்றின்மேல் சந்தேகம் வந்தால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் விசாரிக்காமலே பொய் என்று எழுதிவிட்டீர்களே, அதுதான் கோபம். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1995-இல் எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ என்ற நெபுலாப் படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் கொடுத்தார்கள். ஹைட்ரஜனின் அந்த ஒளி 656 நானோமீட்டர், கந்தகத்துடையது சுமார் 672. இரண்டுமே நம் கண்ணுக்கு ஒரே சிவப்பு. கண்ணுக்குத் தெரிகிறபடியே விட்டிருந்தால் எந்த வாயு எங்கே இருக்கிறது என்பது அந்தச் சிவப்பில் கரைந்து போயிருக்கும். வெப் பதிவு செய்யும் அகச்சிவப்பு ஒளியோ நமக்குத் தெரியவே தெரியாது. அதனால் குறைந்த அலைநீளத்துக்கு நீலம், கூடியதற்குச் சிவப்பு என்று வரிசைப்படி கொடுக்கிறார்கள். இதில் பொய் எங்கே வந்தது?

எனக்கு இருக்கும் ஆதங்கமே வேறு, உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நாம் எல்லோரும் படம் படம் என்றே கிடக்கிறோம். வெப் அனுப்பியதில் என்னை உலுக்கியது ஒரு கிராஃப். வாஸ்ப்-39பி என்று ஒரு வாயுக்கோள், சுமார் 700 ஒளியாண்டு தொலைவில், தன் விண்மீனை நான்கே நாளில் சுற்றிவிடுகிறது. வெப் அதைத் தனியாகப் படம்பிடிக்கவில்லை. அது குறுக்கே கடக்கும்போது விண்மீனின் ஒளி கொஞ்சம் மங்கும், கையில் இருப்பது அவ்வளவுதான். அந்த மங்கலை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளந்துகொண்டே போனால் 4.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் ஆயிரம் நானோமீட்டர்) பக்கம் வரும்போது மங்கல் கூடுகிறது, கிராஃபில் ஒரு மேடு எழுகிறது. கோளின் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அங்கே ஒளியை விழுங்குகிறது! சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோளில் அந்த வாயு இருப்பதற்குக் கிடைத்த முதல் தெளிவான சான்று, 2022-இல் வெளியானது. தரையிலிருந்து இதை அளக்க முடியாது, நம் காற்றிலிருக்கும் அதே கார்பன் டை ஆக்சைடு அதே அலைநீளத்தை மறித்துவிடும். காற்றைத் தாண்டி மேலே போனால்தான் உண்டு. இப்படி ஒரு மேட்டைப் பார்க்காமல் நிறத்துக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறீர்களே ஐயா, எனக்குத் தாங்கவில்லை.

படங்களை அழித்துவிடாதீர்கள். குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகளில் எதற்கு எந்த நிறம் என்று நாசா தளத்தில் பெரும்பாலும் படத்தோடேயே போட்டிருப்பார்கள், தேடிப் படியுங்கள். அப்புறம் அந்த கிராஃபையும் இறக்கி அதே சேகரிப்பில் வையுங்கள்.