இறக்கத்துல நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சமாகுமா?

கேள்வி: வாரத்துல ரெண்டு நாள் குன்னூர்லேர்ந்து மேட்டுப்பாளையம் போயிட்டு வரேன், பெட்ரோல் கார், வாங்கி நாலு வருஷம் ஆகுது. இறங்கும்போது செகண்ட் கியர்ல இன்ஜின் கத்தறதைக் கேட்டா பெட்ரோலை எப்படிக் குடிக்குதோன்னு மனசு அடிச்சுக்குது. பர்லியார் வரைக்கும் நியூட்ரல்ல விட்டா காசு மிச்சம்னு எங்க சித்தப்பா சொல்றார். செய்யலாமா?
- வாசகி, குன்னூர்

பதில்: வேண்டாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். ஆபத்துங்கறது எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுல பெட்ரோலும் மிச்சமாகாதுங்கறது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. உங்க கார்ல இருக்கறது, கம்ப்யூட்டர் சொல்ற அளவுக்கு இன்ஜெக்டர் வழியா பெட்ரோலைப் பீய்ச்சற ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். கியர்ல இறங்கும்போது ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை முழுசா எடுத்துட்டீங்கன்னா சக்கரம்தான் இன்ஜினைச் சுத்திக்கிட்டு வருது, அதனால கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிடும். முள்ளு 3000 ஆர்.பி.எம்.ல நிக்கும், சத்தமும் பலமா வரும், ஆனா உள்ள ஒரு சொட்டு பெட்ரோல் போகாது. நியூட்ரல் போட்டீங்கன்னா இன்ஜின் அணையாம இருக்கறதுக்காகவே பெட்ரோல் ஊத்தியாகணும். நம்பிக்கை இல்லன்னா, மீட்டர்ல அந்த நேரத்து மைலேஜ் காட்டற வசதி இருந்தா பக்கத்துல உக்காந்திருக்கவங்களைப் பாக்கச் சொல்லுங்க, கியர்ல இறங்கும்போது அது உச்சத்துல போய் நிக்கும். மழைநாள்ல கண்ணாடி பனி மூடுதுன்னு ஏசி போட்டாலும் அந்த நேரத்துல அதுக்குத் தனியா பெட்ரோல் செலவில்ல.

சித்தப்பா சொல்றது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம், அப்ப அதுல ஏதோ கொஞ்சம் மிச்சமாயிருக்கலாம். அப்பவும் ஆபத்துதான். 14 கொண்டை ஊசி வளைவையும் வெறும் பிரேக்கை நம்பி இறங்கினா பேட் சூடேறி, ஒரு கட்டத்துல மிதிச்சாலும் பிடிக்காது. சிலர் இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டு வருவாங்க, அதைவிட மோசம், ரெண்டு மூணு தடவை மிதிச்சதும் பிரேக் கல்லு மாதிரி ஆயிடும், ஸ்டியரிங்கும் இறுகிடும்.

உங்க காசு போறது இறக்கத்துல இல்லீங்க, ஏத்தத்துல. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் உயர வித்தியாசம் சுமார் 1500 மீட்டர். பெட்ரோல் இன்ஜின் எரிக்கறதுல நாலுல ஒரு பங்குதான் வேலையா மாறுதுன்னு வெச்சுக்கிட்டா, ஒரு டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்கறதுக்கு மட்டுமே ரெண்டு லிட்டருக்குக் கிட்ட ஆயிடும், ரோட்ல ஓடற செலவு தனி. டிக்கில தேவையில்லாம 50 கிலோ கிடந்தா ஒவ்வொரு ஏத்தத்துக்கும் கூடுதலா 100 மில்லி கிட்ட. வீட்டுக்கு வர அரிசி மூட்டை வந்துதான் ஆகணும், ஆனா மாசக்கணக்கா இறக்காம வெச்சிருக்கற பழைய சாமானை இன்னிக்கே எடுத்துப்போடுங்க, மேல கேரியர் மாட்டியிருந்தா அதையும் கழட்டிடுங்க. ஏறும்போது முன்னாடி போற பஸ்ஸை ஒட்டிப் போகாதீங்க. அது வளைவுல நின்னா நீங்களும் நின்னு, ஹாஃப் கிளட்ச்ல தொங்கி, மறுபடி ஃபர்ஸ்ட் கியர்லேர்ந்து ஆரம்பிக்கணும், பெட்ரோலும் போகும் கிளட்ச்சும் தேயும். கொஞ்சம் இடம் விட்டு ஒரே சீரா வாங்க. மலைப்பாதையில ஏறற வண்டிக்குத்தான் முதல் உரிமைன்னு சட்டமே சொல்லுது, இறங்கறவங்க தயவுசெஞ்சு அதை மதிச்சு வழி விடுங்க.

கேள்வி: குளிர்ல இன்ஜின் சூடாகணும்னு தினமும் காலைல பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடறேன். சரியா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: அரை நிமிஷம் போதும் சார். சும்மா நிக்கற இன்ஜின் ரொம்ப மெதுவாத்தான் சூடாகும், அதுவரைக்கும் குளிருக்காக பெட்ரோலும் கூடுதலாப் போகும். கிளப்பி, முதல் ரெண்டு மூணு கிலோமீட்டர் அழுத்தாம மெதுவா ஓட்டுங்க. ஸ்கூல்ல பிள்ளைய விடறது, பால், மார்க்கெட் எல்லாத்தையும் ஒரே சுத்துல முடிச்சுட்டா இன்னும் நல்லது, ஒவ்வொரு தடவையும் ஆறிப்போன இன்ஜினைக் கிளப்பறதுதான் பெரிய செலவு. கண்ணாடில உறைபனி இருந்தா சுடுதண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விடும்.

கேள்வி: கோயம்புத்தூர்ல பிடிச்ச காத்து ஊட்டி வந்தா குறைஞ்சிடுமா?
- வாசகர், ஊட்டி

பதில்: குளிருக்குக் குறையும், ஆனா உயரம் ஏற ஏற வெளிக்காத்தோட அழுத்தம் குறையறதால கேஜ்ல அளவு கூடும், ரெண்டும் ஏறக்குறைய சரியாப் போயிடும். மலை ஏறி வந்த சூட்டோட பாத்தா இன்னும் கூடுதலாக் காட்டும், அதைப் பாத்துட்டு காத்தை இறக்கிடாதீங்க. மறுநாள் காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க, டிரைவர் கதவு ஓரத்துல ஸ்டிக்கர்ல போட்டிருக்கற அளவுதான் சரி. நாலு டயர்லயும் ஒரு பி.எஸ்.ஐ. குறைஞ்சா மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் அடிபடும், அஞ்சாறு குறைஞ்சு மாசக்கணக்கா ஓட்டினா பர்ஸ்ல தெரியும். மைலேஜுக்காக அளவுக்கு மேலயும் ஏத்தாதீங்க, மழையில வளைவுல டயர் பிடிமானம் போயிடும். பாக்கும்போது ஸ்டெப்னியையும் சேத்துப் பாத்துடுங்க.