நான்கு எழுத்தில் அடங்காத ஆட்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, பேசாத ஆளைப் பற்றியவை. மீதி, பேசிக்கொண்டே இருப்பவரைப் பற்றியவை. வீட்டிலிருந்து வேலை செய்யும் குழுவை நடத்துவோருக்கு வேறு கவலையே இல்லை போலும்.

கேள்வி: காணொளிக் கூட்டங்களில் ஒருவர் வாயே திறப்பதில்லை. எப்படிப் பேசவைப்பது?

பேசவைக்க வேண்டாம். முதல் நாளே கேள்விகளை அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மறுநாள் கூட்டத்தை அந்தப் பதில்களிலிருந்து தொடங்குங்கள். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், கூடி உட்கார்ந்து யோசித்த குழுக்களைவிட, அதே எண்ணிக்கை ஆட்கள் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்தபோதுதான் யோசனைகள் அதிகம் தேறின. கூட்டத்தில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். அதற்குள் யோசனை ஆறிவிடும். திடீரென்று பெயர் சொல்லி அழைப்பதை விட்டுவிடுங்கள். மௌனம் சம்மதம் அல்ல என்று பலமுறை எழுதிவிட்டேன். அது சோம்பலும் அல்ல.

கேள்வி: கேமராவைக் கட்டாயமாக்கலாமா?

கூடாது. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் காணொளிச் சோர்வுக்கு 2021இல் நான்கு காரணங்கள் சொன்னார்: மிக அருகில் விடாமல் பார்க்கும் முகங்கள், தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, இடம்விட்டு அசைய முடியாமை, சைகைகளைப் புரிந்துகொள்ளத் தேவைப்படும் கூடுதல் முயற்சி. வாரம் ஒரு கூட்டம், அரை மணி நேரம், முகம் காட்டினால் போதும்.

கேள்வி: என் குழுவில் ஒருவர் சரியில்லை. என்ன செய்யலாம்?

எதில் சரியில்லை? வேலையிலா, நேரத்திலா, பேச்சிலா? நடந்த இரண்டு சம்பவங்களைத் தேதியோடு எழுதி அனுப்புங்கள். ஒரு வரிக் கடிதத்துக்கு ஜோசியம்தான் சொல்ல முடியும். எனக்கு அது தெரியாது.

கேள்வி: பன்னிரண்டு பேரையும் ஆளுமைச் சோதனை எழுதவைத்து, யார் ஐஎன்டிஜே, யார் ஈஎஸ்எஃப்பி என்று அட்டவணை போட்டுவிட்டேன். ஒவ்வொரு வகைக்கும் ஏற்ற தலைமைப் பாணியைச் சொல்லுங்கள்.

அட்டவணையை முதலில் அழியுங்கள். இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது, மாதம் தவறாமல் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இது மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனை: உள்முகமா வெளிமுகமா என்பது போன்ற நான்கு இரட்டைகளில், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை ஓர் எழுத்தால் குறித்து, ஐஎன்டிஜே போன்ற நான்கெழுத்துப் பெயரை ஒட்டிவிடும். அந்தப் பதினாறு வகைகளை உருவாக்கியவர்கள் கேதரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மயர்ஸும். உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட ஆளுமை வகைப்பாட்டைப் படித்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோதனையாக வடித்தார்கள். இருவருமே உளவியலை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். அதைக்கூட மன்னித்துவிடலாம். ஒவ்வொரு இரட்டையிலும் பெரும்பாலான மனிதர்கள் நடுவில் இருக்க, நட்டநடுவே கோடு கிழித்திருப்பதுதான் பெரிய பிழை. 49 வாங்கியவரும் 51 வாங்கியவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள். சோதனையோ அவர்களை எதிரெதிர் வகையில் உட்கார வைக்கிறது. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானோருக்கு ஓர் எழுத்தாவது மாறும். ஆள் தேர்வுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. வேலை பிரிப்பதற்கு மட்டும் பொருந்திவிடுமா?

நானும் இந்தக் குழியில் விழுந்தவன்தான். கூட்டங்களில் பேசாத ஒரு சக ஊழியரை உள்முகி, அதாவது தனக்குள் ஒதுங்கும் ஆள், என்று முடிவு கட்டி, வாடிக்கையாளர் அழைப்பு எதையும் ஒரு வருடம் அவரிடம் தரவில்லை. கடைசியில் பார்த்தால், நான் வைத்த கூட்டம் அவர் இருந்த நாட்டில் இரவு பதினொன்றரை மணி. அவருக்கு இருந்தது தூக்கம்; ஆளுமையில் கோளாறு எதுவும் இல்லை. நேரத்தை மாற்றியதும் அவர் பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டமாகிவிட்டது.

அளவிட்டே தீர வேண்டும் என்றால் ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பிரித்து அளக்கும் ஐம்பண்பு முறையை (Big Five) பாருங்கள். அது ஆட்களைப் பெட்டியில் அடைப்பதில்லை, அளவுகோலில் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டுகிறது. அதைவிட மலிவான வழி, ஒவ்வொருவரிடமும் நேராகக் கேட்பது. அவசரம் என்றால் அழைக்கட்டுமா, எழுதட்டுமா? குறையை எழுத்தில் சொல்லட்டுமா, பேச்சிலா? ஒரு வேலையைத் தந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை விசாரிக்கலாம்? பதில்களைக் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள், ஏனென்றால் அவையும் மாறும்.

கேள்வி: ஒருவர் நாளைக்கு இருபது முறை ஒப்புதல் கேட்டுச் செய்தி அனுப்புகிறார். பயந்த சுபாவமா?

மறுபடியும் சுபாவமா! அவருக்கு அது புது வேலையா, பழகிய வேலையா என்று பார்த்தீர்களா? மேலாண்மை அறிஞர்கள் ஹெர்சியும் பிளான்சார்டும் 1969இலேயே முன்வைத்த கருத்து இதுதான்: தலைவரின் பாணி, குறிப்பிட்ட வேலையில் அந்த ஆள் எவ்வளவு தேறியிருக்கிறார் என்பதற்கு ஏற்ப மாற வேண்டும். புது வேலை என்றால் படிப்படியாகச் சொல்லிக்கொடுங்கள். பழகிய வேலை என்றால், 'இதுவரை உங்கள் முடிவு, இதற்கு மேல் என்னிடம் வாருங்கள்' என்று எல்லையை எழுதிக் கொடுங்கள். அவர் முன்பு தானாக எடுத்த முடிவு எதற்காவது எல்லோர் முன்னிலையிலும் திட்டினீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: நான் அதிகம் பேசாதவன். தலைமைப் பொறுப்பு எனக்குச் சரிவருமா?

வரும். மேலாண்மை ஆய்வாளர்கள் கிரான்ட், ஜினோ, ஹாஃப்மன் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாமாக முன்வந்து யோசனை சொல்லும் குழுக்களுக்கு அமைதியான தலைவரே நல்ல பலன் தருகிறார். சொன்னதை மட்டும் செய்யும் குழுக்களுக்குக் கலகலப்பானவர். ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் அமைதியைக் கோபம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அனுப்பிய வேலைக்கு 'பார்த்தேன், நாளை சொல்கிறேன்' என்றாவது எழுதுங்கள். மௌனம் சம்மதம் அல்ல என்பது தலைவருக்கும் பொருந்தும்.

கேள்வி: ஒருவரே பேசிக் கூட்டத்தை முடித்துவிடுகிறார்.

அவரையே கூட்டக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். இரண்டு கூட்டத்தில் மாற்றம் தெரியாவிட்டால் தனியாக அழைத்துச் சொல்லுங்கள்.