தெரபிக்கு எவ்வளவு ஆகும்? கேள்வி பதில்

அமெரிக்காவில் மனநல சிகிச்சைக்குப் போகிறவர்கள் கேட்டவை. நான் கிளினிக் பில்லிங் வேலையில் இருப்பவன். அது தொடர்பானதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இன்ஷூரன்ஸ் இல்லை. கட்டணம் கேட்டால் "முதலில் வாங்க, பேசிக்கலாம்" என்கிறார் தெரபிஸ்ட். (டல்லஸ்)

அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. 2022 ஜனவரி 1 முதல் நோ சர்ப்ரைசஸ் ஆக்ட் நடப்பில் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் இல்லாதவருக்கும், இருந்தும் அதைத் தொடாமல் கைக்காசு கொடுப்பவருக்கும் செலவு மதிப்பீட்டை எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதற்குக் குட் ஃபெய்த் எஸ்டிமேட் என்று பெயர். அப்பாயின்ட்மென்ட் போடாமல் சும்மா கேட்டாலும் 3 வேலை நாளுக்குள் வர வேண்டும். ஒரே அறையில் தனியாக நடத்தும் தெரபிஸ்டுக்கும் இது பொருந்தும். வாய்வார்த்தையை நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

எஸ்டிமேட் 600 டாலர், பில் 1,150. கட்டிவிடவா?

கட்டாதீர்கள். 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிடலாம். பில் தேதியிலிருந்து 120 நாள் அவகாசம், கட்டணம் 25 டாலர். விசாரணை முடியும்வரை பில் அனுப்பிய கிளினிக் வசூல் கம்பெனியிடம் உங்களைத் தள்ளக்கூடாது. முறையிட, இந்தச் சட்டத்துக்கான அரசு உதவி எண் 1-800-985-3059க்கு அழையுங்கள். அந்த எஸ்டிமேட் தாள் கையில் இருக்கிறதுதானே?

நான் தெரபிஸ்ட். வாரம் 150 டாலர் வீதம் வருடத்துக்கு 7,800 என்று எழுதினால் வருகிறவர் ஓடிவிடுவார். ஆளைப் பார்க்காமல் நோயின் பெயரை எப்படி எழுதுவது?

ஒரு எஸ்டிமேட் அதிகபட்சம் 12 மாதத்துக்குச் செல்லும், அவ்வளவுதான். வருடம் முழுவதற்கும் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதல் சந்திப்புக்கு, அதாவது பில்லில் 90791 என்ற குறியீட்டில் வரும் மதிப்பீட்டு அமர்வுக்கு மட்டும் ஒன்று கொடுங்கள். அதில் நோயின் பெயர் தேவையில்லை. பார்த்துப் பேசிய பிறகு எட்டோ பத்தோ அமர்வுக்கு இன்னொன்று.

"எட்டு என்றால் எட்டில் குணமாகிவிடும் என்று நினைப்பார்களே?" (அதே தெரபிஸ்ட்) "7,800ஐ மறைப்பதுதான் தப்பு!" (இன்னொருவர்)

இரண்டாமவர் பக்கம்தான் நான். எட்டுக்குப் பிறகு நீளலாம், நீண்டால் மொத்தம் இவ்வளவு ஆகும் என்று அந்தத் தாளிலேயே எழுதுங்கள், குழப்பம் வராது. நான்காம் மாதம் பில்லைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் சிகிச்சையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் தேறிவரும் நேரத்தில் பாதியில் விடுவது, தொடக்கத்திலேயே கணக்குப் பார்த்துக் குறைந்த கட்டணம் உள்ள இடத்துக்குப் போவதைவிட மோசம். பயமுறுத்தும் தொகையாக இருந்தாலும் தெரிந்துகொள்வது அவர் உரிமை.

இன்ஷூரன்ஸ் வழியாகப் போகிறேன். எனக்கும் இந்த எஸ்டிமேட் உண்டா?

இதையே மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கோபே (ஒவ்வொரு முறையும் நீங்கள் கொடுக்கும் பங்கு), டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டியது) எவ்வளவு என்று கேளுங்கள். எழுத்தில்.

எஸ்டிமேட் வாங்கினால் அங்கேயே போக வேண்டுமா?

வேண்டியதில்லை. அது ஒப்பந்தம் அல்ல.

தம்பி வாழப் பிடிக்கவில்லை என்கிறான். எங்கே செலவு குறைவு?

இப்போதே தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988க்கு அழையுங்கள், காசு கிடையாது. அவனைத் தனியே விடாதீர்கள். கையை மீறினால் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். பணம் இல்லை என்று அங்கே திருப்பி அனுப்பக்கூடாது, 1986 முதல் சட்டம் அது. பில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.