‘இம்மர்ஸ்’: அமிழ்த்துவதா, ஆழ்ந்துபோவதா?

மும்பை ஆங்கில நாளிதழ்களில் கடலில் விடப்படும் விநாயகர் சிலைக்கும், படிப்பில் ஆழ்ந்த மாணவருக்கும் ‘இம்மர்ஸ்’ என்ற ஒரே வினை வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ‘உள்ளே அமிழ்த்து’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த இவ்வினைக்கு, ஒரு பொருளை நீர்மத்துக்குள் முழுவதும் அமிழ்த்துவதே நேர்ப்பொருள். மும்பையின் கிர்காவ் சௌபாத்திக் கடற்கரையில் நடப்பதை அந்நகரின் மாட்டுங்காப் பகுதித் தமிழர் ‘பிள்ளையாரைக் கரைப்பது’ என்பர். ஆங்கில வினையிலோ கரைதல் என்ற கருத்தே இல்லை, ஆகவே எளிதில் கரையாத பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைக்கும் அது தடையின்றிப் பொருந்துகிறது. (வாளி நீரைச் சூடாக்கும் இம்மர்ஷன் ராடு பெயர் பெற்றதும் இப்பொருளில்தான்.)

உருவக வழக்கில், ஒருவர் தம் கவனம் முழுவதையும் ஒன்றில் செலுத்துவதை அது குறிக்கும். பக்தியில் ஆழ்ந்தவரை ‘ஆழ்வார்’ என்ற நம் மொழியும் இவ்வழியே சென்றிருக்கிறது. ஆனால் தமிழில் கடனிலும் மூழ்கலாம். இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு ‘டிரௌன்’ என்ற வினையே இயல்பு.