அண்டவியல் (பிரபஞ்சம் தோன்றி வளர்ந்த விதம் பற்றிய) ஆராய்ச்சி பெங்களூரில் நடக்கிறதா? அல்சூரில் இருக்கிறோம், ஒன்பதாவது படிக்கும் மகளுக்குக் காட்ட முடியுமா?

அல்சூரில் இருக்கிறீர்கள் என்கிறீர்கள். அங்கிருந்து பக்கம்தான், சதாசிவநகர் ராமன் ஆராய்ச்சி நிறுவனம். அவர்கள் கட்டிய 'சரஸ் 3' ரேடியோ தொலைநோக்கி, முதல் நட்சத்திரங்கள் பிறந்த காலத்து ஹைட்ரஜன் விட்டுச்சென்ற மெல்லிய அலையைத் தேடுகிறது. 2020-ல் அந்தக் கூம்பு ஆன்டெனாவை மிதவையில் ஏற்றி, கர்நாடக ஏரி நீரில் விட்டார்கள்.

ஏன் ஏரி? தரைக்கடியில் மண்ணும் பாறையும் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றில் பட்டுத் திரும்பும் அலை கணக்கைக் குழப்பிவிடும். தண்ணீர் ஒரே சீராக இருக்கும். 2018-ல் அமெரிக்கக் குழு ஒன்று இந்த ஹைட்ரஜன் அலையைக் கண்டதாக அறிவித்தது. அந்தச் சிக்னல் சரஸில் தென்படவில்லை. 2022-ல் அதை வெளியிட்டார்கள். 'இல்லை' என்று காட்டுவதற்கும் எவ்வளவு உழைப்பு!

அப்புறம், மகளை நேரு கோளரங்கத்துக்குக் கூட்டிப் போங்கள். பொதுச் சொற்பொழிவுகள் அங்கே நடப்பதுண்டு. இந்த ஏரிக் கதையைச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போனால் கேள்வியோடு வருவாள்.