இருபத்தெட்டு ஆட்டத்தில் மூடிய துருப்பு வெட்டாது

இருபத்தெட்டு சீட்டாட்டத்தில், கவிழ்த்து வைத்த துருப்பை (மற்ற இனங்களை வெட்டும் இனம்) திறக்காமலே இஸ்பேடு ஜாக்கியால் எதிராளியின் சீட்டை வெட்டிப் பிடியை (ஒரு சுற்றில் விழும் சீட்டுகள்) வென்றுவிட்டதாக எண்ணுகிறீர்கள்; ஆனால் அந்தப் பிடி எதிரணிக்கே உரியது. துருப்பு திறக்கப்படும் வரை அந்த இனத்துச் சீட்டுகளுக்கு வெட்டும் வலிமை கிடையாது. ஆகவே இஸ்பேடைத் துருப்பாகக் கவிழ்த்து வைத்தவர் நீங்களே ஆனாலும், எதிராளி இறக்கிய ஆர்ட்டின் ஆசின்மேல் நீங்கள் திறக்காமல் போட்ட இஸ்பேடு ஜாக்கி வெறும் கழிவுச் சீட்டாகி, தன் 3 புள்ளிகளையும் அவர்களிடம் சேர்த்துவிட்டது.

துருப்பு தொடக்கத்திலேயே அறிவிக்கப்படும் ஆட்டங்களின் பழக்கம், மூடிய துருப்பும் வெட்டும் என்று நீங்கள் எண்ணியதற்குக் காரணமாக இருக்கலாம்.

இறக்கிய இனம் கையில் இல்லாதபோது வெட்ட விரும்பினால், சீட்டைப் போடுவதற்கு முன்பே துருப்பைத் திறந்துவிட வேண்டும். ஏலம் எடுத்துத் துருப்பைக் கவிழ்த்து வைத்தவர் நீங்கள் இல்லையாயின், திறக்கச் சொல்லிக் கேட்கலாம்; கேட்டபின் கையில் துருப்பு இருந்தால் அதையே போட்டாக வேண்டும். கூட்டாளியின் சீட்டே அந்தப் பிடியில் பெரியதாக நின்றால் திறக்கவே வேண்டாம். அப்போது கழிக்கும் ஜாக்கி உங்கள் அணிக்கே சேரும், இரகசியமும் காக்கப்படும்.

சீட்டுகளை விரித்து வைத்து ஒரு பிடியை இரு வகையாகவும் ஆடிப் பாருங்கள்.

ஒரே பிடியில், திறப்பதற்கு முன் விழுந்த துருப்பு இனச் சீட்டு வெட்டாகக் கணக்காகுமா என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். அதை ஏலத்துக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.