மினிமலிஸ்ட் அசையும் போஸ்டர் என்றால் என்ன? ஒரு கதைக் காட்சியை அப்படி எப்படி வடிவமைப்பது?

கதையின் திருப்புமுனைக் காட்சி ஒன்றைச் சில வடிவங்கள், இரண்டு மூன்று நிறங்கள் கொண்டு வரைந்து, அதில் ஒரே ஒரு பொருளை மட்டும் அசையவிடுவதுதான் இது. சில விநாடிகள் ஓடி, முடிந்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்கும்.

ஏன் ஒன்று மட்டும்? அசையாத பரப்பில் எது அசைகிறதோ அங்கேதான் கண் போகும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் சுவரைப் பார்ப்பதில்லை. அதில் ஓடும் பல்லியைத்தான் பார்க்கிறார். மூன்று பல்லிகள் ஓடினால் எதையும் உருப்படியாகப் பார்க்க மாட்டார்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்துக்கொள்வோம். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. கண்ணகி உடைக்கும் சிலம்பிலிருந்து தெறிப்பது மாணிக்கம். வழக்கின் தீர்ப்பே அந்தப் பரலில்தான் இருக்கிறது. பிறகு விரித்த கூந்தலும் தூண்களும் செங்கோலும் எதற்கு? கருஞ்சாம்பல் பின்னணி, கீழே பிளந்த வளையம், மேலே எழும்பும் ஒரு சிவப்புப் புள்ளி. உச்சியில் அது அரை விநாடி நிற்கட்டும். அசைவைவிட இந்த நிறுத்தம்தான் முக்கியம் என்பேன். அரசன் வீழ்வதைப் பார்ப்பவர் மனம் அங்கேதான் வரைந்துகொள்கிறது. பிறகு புள்ளி மறைய, வளையம் மீண்டும் முழுமையாகும்.

விநாடிக்கு 12 படங்கள் போதும். நிறங்கள் குறைவு என்பதால், இத்தகைய அசையும் படங்களைச் சேமிக்கும் ஜிஃப் (GIF) கோப்பின் 256 நிற வரம்பும் இடிக்காது.

மினிமலிசம் என்றால் படத்திலிருந்து பொருள்களை அழித்துக்கொண்டே போவது என்று பலர் நினைக்கிறார்கள்; சிலம்பை அழித்துவிட்டுத் தூணை வைத்திருந்தாலும் படம் வெறுமையாகத்தான் இருக்கும், ஆனால் அது எந்தக் கதை என்று ஒருவருக்கும் தெரியாது.